விளக்கு வைக்குமுன்

மத்தளம்பாறை தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்காது, எஞ்சின் திக்க ஆரம்பித்தது. வண்டி ஒருமுறை முன்னால் இழுத்தது, ஒருமுறை பின்னால் வாங்கியது. அகமது கபீர் கியரைக் குறைத்துப் பார்த்தார். ஒரு புளியமரத்தின் அடிவரைக்கும் உருண்டுபோய் வண்டி நின்றுவிட்டது.

"போச்சு," என்றார் கபீர்.

முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடக்கண்ணு நிமிரவில்லை. பேட்டரியில் கரண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். தென்காசி ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கிளம்பியது முதல் அது மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடந்தது. அவன் மெக்கானிக். முள் அப்படிக் கிடந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே வந்தான், அவ்வளவுதான்.

வண்டி பழைய மிலிட்டரி வேன். பின்பக்கம் நீளவாக்கில் ஒரு பலகை போட்டு, அதில் மாடக்கண்ணுவின் அண்ணன் மாடனைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பைப் பாயில் சுற்றி மூன்று இடத்தில் கயிறு கட்டியிருந்தது. மாடனின் பெண்டாட்டி உச்சிமாகாளி பலகை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

புது நயா பைசா வந்த வருஷம் அது. மாடனுக்குக் குற்றாலத்தில் பிழைப்பு, அவளும் அங்கேதான் கூட இருந்தாள். சீசன் நாட்களில் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். சாரல் நின்று கூட்டம் கலைந்ததும் மரக்கிடங்கில் மரத்தடி சுமக்கப் போய்விடுவான். முந்தின நாள் காலையில் லாரியிலிருந்து தடி இறக்கும்போது கயிறு அறுந்து ஒன்று உருண்டது. மற்றவர்கள் விலகினார்கள். அவன் விலகவில்லை. ஏன் விலகவில்லை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கையெழுத்தெல்லாம் முடிந்து உடம்பு கைக்கு வந்தபோது பிற்பகல் தாண்டிவிட்டது.

கடையத்துக்கு மேற்கே அவர்கள் ஊர். வெளியூரில் செத்தவனை அங்கே வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். ஊர் முகப்பில் இறக்குவார்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்து முகம் பார்த்து அழுதபின் அங்கிருந்தே சுடுகாட்டுக்குத் தூக்குவார்கள். அதுவும் தெருவில் விளக்கு வைப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு வருகிற பிணம் முகப்பில் நிற்கக் கூடாது. ஊரைச் சுற்றிக்கொண்டு நேரே சுடுகாடுதான். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை.

மாடனுக்கு ஒரே மகள், முத்துவடிவு. இன்னும் வயசுக்கு வராத பிள்ளை. ஊரில் அப்பனுடன் பிறந்த அத்தை முப்பிடாதியம்மாளிடம் வளர்கிறாள். ஆடியில் வந்துபோன அப்பனை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"விளக்கு வைக்குமுன்ன போயிருவோமா?" என்று பின்னாலிருந்து உச்சிமாகாளி கேட்டாள். தென்காசியில் ஏறும்போது கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

"பாப்போம் மயினி," என்று சொல்லிவிட்டு மாடக்கண்ணு இறங்கினான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. ஐப்பசி மாதம், பொழுது சீக்கிரம் மங்கிவிடும். கபீர் பானெட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்தார்.

"பேட்டரிதாம்லே. போன வாரந்தான் சார்ஜ் போட்டேன். போட்டவன் சரியாப் போடலை."

"பேட்டரி இல்ல பாய். டைனமோ."

"அது எப்படிச் சொல்லுத?"

"முள்ளு சொல்லுது."

"கெளம்பும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

மாடக்கண்ணு எஞ்சினுக்குள் குனிந்தான். கபீரும் விட்டுவிட்டார். தென்காசி ஸ்டாண்டில் இருந்த மற்ற வண்டிக்காரர்கள் எல்லாரும், சவம் ஏற்றின வண்டியில் நாளைக்கு எவன் ஏறுவான் என்று கையை விரித்துவிட்டார்கள். கபீருக்குப் பொட்டல்புதூர். வீட்டுக்குப் போகிற வழிதானே, ஏற்று என்று அவர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான் மாடக்கண்ணு. விறைப்பாகத்தான் இருந்தது. வயர்களை இழுத்துப் பார்த்தான். ஒன்றும் கழன்றிருக்கவில்லை. டைனமோவின் பின்னங்கழுத்தைச் சுற்றியிருந்த தகரப் பட்டையின் திருகைத் தளர்த்தி, பட்டையை நகர்த்தினான்.

டைனமோவுக்குள் செப்புச் சில்லுகள் பதித்த உருளை ஒன்று சுற்றும். அதன்மேல் இரண்டு பக்கமும் கார்பன் கட்டைகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உட்கார்ந்து உரசும். அந்த உரசல் வழியாகத்தான் கரண்டு வெளியே வந்து பேட்டரியை நிறைக்கும். இப்போது ஒரு கட்டை உருளையைத் தொடவே இல்லை. தன் கூட்டுக்குள் இறுகிப்போய் நின்றது. கூட்டின் விளிம்பில் மஞ்சளும் கருப்புமாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. அகலமான விரல். நகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் பதிந்திருந்தது.

மாடனுக்கு வலது கட்டைவிரலில் பாதி நகம்தான். மரக்கிடங்கில் சேர்ந்த புதிதில் நசுங்கியது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் அவன் குற்றாலத்திலிருந்து ஷெட்டுக்கு வந்திருந்தான். நமசிவாயம் பிள்ளையின் ஷெட்டில்தான் மாடக்கண்ணுவுக்கு வேலை. கபீரும் அங்கேதான் வேனை நிறுத்துவார். வண்டிகளையெல்லாம் கழுவி, டைனமோப் பட்டைகளைத் திறந்து தூசி ஊதி, காயவிட்டிருந்தார்கள். பொரியும் அவலும் கிடைக்கும் என்று வந்தவன் சும்மா நிற்க மாட்டாமல் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். யார் வண்டி, எவர் வண்டி என்று பார்க்கவில்லை. கபீர் வேனுக்கும் வைத்தான். கபீர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கார்பன் கூடு சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழி மாதிரி இருக்கும். சாமி இருக்கிற இடம் என்று நினைத்தானோ என்னவோ. தலையில் எண்ணெய் வைத்து அழுத்துகிற விரலால் அழுத்தி வைத்திருக்கிறான். சாயந்திரம் மாடக்கண்ணு உள்ளே பார்க்காமல் பட்டைகளை இழுத்து மூடினான்.

"என்னலே, என்ன தெரியுது?"

"சந்தனம்."

"என்னது?"

"சந்தனம் பாய். கார்பன் கட்டை இறங்க முடியாம இறுகிக் கெடக்கு. தேயத் தேய அது கீழ எறங்கணும். எறங்கல."

"என் வண்டிக்குள்ள சந்தனம் பூசுனவன் எவம்லே?"

"பின்னால படுத்துக் கெடக்கான்."

கபீர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார்.

உச்சிமாகாளிக்குக் கேட்டிருந்தது. "அன்னைக்கு வந்து சொன்னாவ," என்றாள் உள்ளே இருந்தபடியே. "அத்தனை வண்டிக்கும் நான்தாம்ட்டி பொட்டு வச்சேன், நானும் மெக்கானிக்கு ஆயிட்டேம்னு." கொஞ்சம் பொறுத்து, "அவிய கை பட்ட எது ஓடியிருக்கு," என்றாள். குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் கூட இல்லை.

மாடக்கண்ணு திருப்புளியால் சந்தனத்தைச் சுரண்டினான். விரல் பதிந்த இடம் முதலில் பெயர்ந்து, தூளாகி விழுந்தது. பெட்ரோலில் துணியை நனைத்து உருளையைத் துடைத்தான். சில்லுகளுக்கு நடுவே இருந்த அழுக்கை ஊசியால் கீறி எடுத்தான். வத்திப்பெட்டியின் உரசுகிற பக்கத்தைப் பிய்த்துச் செம்பின்மேல் வைத்துத் தேய்த்தான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அண்ணனை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. நினைத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. திருப்புளியின் முனை மழுங்கிவிட்டது, தீட்ட வேண்டும் என்பதுதான் வந்தது.

கட்டையை நெம்பி எடுக்கும்போது அது உடைந்தது.

ஒரே அமுக்கில் எடுத்திருக்கக் கூடாது. பெட்ரோல் விட்டு ஊறவைத்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க வேண்டும். ஷெட்டில் யாராவது இப்படிச் செய்தால் அவனே வைவான். உள்ளங்கையில் இரண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற இருக்கா?" என்றார் கபீர்.

"தென்காசில இருக்கு."

அப்போது கடையம் பக்கம் போகிற சைக்கிள் ஒன்று வந்தது. ரைஸ் மில்லில் வேலை பார்க்கிற அவர்கள் ஊர்க்காரன் சிவசைலம். நின்ற வண்டியையும் பாயையும் பார்த்துவிட்டு இறங்கினான். உச்சிமாகாளி அதுவரை பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்து, பின்பக்கமாக இறங்கி, அவனிடம் போய் என்னவோ சொன்னாள். அவன் தலையாட்டினான். ஏதோ கேட்டான். அவள் மறுபடியும் சொன்னாள். அவன் சைக்கிளில் ஏறி வேகமாக மிதித்துக்கொண்டு போனான்.

"என்ன மயினி சொன்ன?"

"வந்துக்கிட்டிருக்கோம்னு சொன்னேன். நீ வேலையைப் பாரு."

மாடக்கண்ணு கபீரிடம் டார்ச் லைட் கேட்டான். சீட்டுக்கு அடியில் இருந்தது, செல் தீர்ந்து எத்தனையோ நாளாக எரியாத டார்ச். செல் தீர்ந்தாலும் உள்ளே இருக்கிற கார்பன் குச்சி தீர்வதில்லை. இரண்டு செல்லையும் கல்லில் வைத்து உடைத்தான். கறுப்பு மாவுக்கு நடுவே இருந்து குச்சிகளை உருவினான். அவை உருண்டை, கூடு சதுரம். ரோட்டோரம் நின்ற மைல்கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, குச்சிகளை அதன் தலையில் தேய்க்கத் தொடங்கினான்.

தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் தண்ணீர் கல்லில் வழிந்தது. ஒரு பக்கம் தட்டையானதும் கூட்டில் வைத்துப் பார்ப்பான். போகாது. திரும்பவும் வந்து தேய்ப்பான். கபீர் தன் துண்டை விரித்து அவன் தலைக்குமேல் பிடித்தார்.

"இது எம்புட்டு தூரம் தாங்கும்?"

"மெத்துனு உள்ள கார்பன் பாய். சீக்கிரம் தேஞ்சுரும். ஊர் வரைக்கும் தாங்குனாப் போதும்."

"எனக்கு அதுக்கு அப்புறம் பொட்டல்புதூர் போகணும்லே."

"போயிரலாம்."

"எப்படி, தள்ளிக்கிட்டேவா?"

இரண்டு குச்சிகளையும் ஒட்டினாற்போல் வைத்து, பழைய கட்டையிலிருந்து பிரித்த செப்புக் கம்பியால் தலைப்பக்கம் சுற்றிக் கட்டினான். கூட்டுக்குள் இறங்கியது. ஸ்பிரிங்கை மேலே தூக்கி வைத்தான். பட்டையை மூடவில்லை. தேய்மானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினால் வண்டி முனகக்கூட இல்லை. தள்ளித்தான் ஆக வேண்டும். ரோடு அங்கே கொஞ்சம் இறக்கம். கபீர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மாடக்கண்ணு ஒரு பக்கம் கை வைத்தான். மறுபக்கம் உச்சிமாகாளி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ விடு மயினி."

"நான் தள்ளாம? இத்தனை வருசமும் நான்தான தள்ளுனேன்."

தள்ளினார்கள். பின்கதவு திறந்திருந்தது. பாயின் கால்பக்கம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. வண்டி உருண்டு வேகம் பிடித்ததும் கபீர் கிளட்ச்சை விட்டார். எஞ்சின் ஒருமுறை உதறியது, செத்தது. மறுபடி தள்ளினார்கள். பேட்டரி இவ்வளவு நேரம் சும்மா கிடந்ததில் கொஞ்சம் தெம்பு வந்திருந்ததோ என்னவோ, இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஏறி மாடக்கண்ணு முள்ளைப் பார்த்தான். நடுவில் நின்றது. கபீர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் ப்ளஸ் பக்கம் ஒரு நெல் அளவு நகர்ந்தது.

ஆனால் பொழுது போயிருந்தது. விளக்குப் போட்டால் கரண்டு பற்றாது என்று மாடக்கண்ணு தடுத்தான். கண்ணுக்கு ரோடு தெரிகிற வரைக்கும் கபீர் இருட்டிலேயே ஓட்டினார். கடையத்தில் கடைகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடக்கண்ணு அதைப் பார்த்தான். பின்னால் இருந்தவளும் பார்த்திருப்பாள். இனி ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும், எந்த வரப்பு வழியாக வண்டி போகும் என்று அவன் யோசித்துக்கொண்டு வந்தான். கடையம் தாண்டியதும் வேறு வழியில்லாமல் கபீர் ஹெட்லைட்டைப் போட்டார். மஞ்சளாக, மங்கலாக எரிந்தது.

மேற்கே திரும்பி வண்டிப்பாதையில் போனார்கள். ஊர் வர வேண்டிய இடத்தில் ஊர் இல்லை. ஒரு வெளிச்சமும் இல்லை.

"வழி தப்பிட்டியா?" என்றார் கபீர்.

"இல்ல. இதுதான்."

ஹெட்லைட் வெளிச்சத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். முகப்பு வேப்பமரத்தடியில் ஊரே நின்றது. எல்லாருக்கும் முன்னால் முப்பிடாதியம்மாள் நின்றாள். அவள் பக்கத்தில் முத்துவடிவு.

ஊர்ப் பெரியவர் சுடலையாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்தார். "பொழுது அடைஞ்சு எம்புட்டு நேரமாச்சு. நிறுத்தாத. சுத்திக் கொண்டு போங்கப்பா."

"எதுக்குச் சுத்தணும்?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"விளக்கு வச்ச பிறகு இங்கன நிக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எங்கன விளக்கு வச்சிருக்கு? காட்டும் பாப்போம்."

பெரியவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். தெரு நெடுக இருட்டு. ஒரு வீட்டிலும் திரி ஏற்றவில்லை. அடுப்புகூட எரியவில்லை. சைக்கிள்காரன் வந்து சொன்னதும் முப்பிடாதியம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்: வண்டி வழியில நிக்கி, எம் மயினி கேக்கா, அவன் வர்ற வரைக்கும் யாரும் விளக்கு வைக்காதிய.

"எம் வீட்டுலயுமா?" என்றார் பெரியவர்.

"ஒம்ம வீட்டுலதான் மொதல்ல போய்ச் சொன்னேன்."

அவர் கம்பைத் தரையில் தட்டினார். "அப்ப எறக்குங்க," என்றார்.

பலகையோடு இறக்கினார்கள். கயிற்றை அவிழ்த்துப் பாயைத் தலைப்பக்கம் விலக்கினார்கள். ஒன்றும் தெரியவில்லை. யாரோ பந்தம் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். விளக்கு வைக்க முடியாது.

"வண்டி விளக்கு, விளக்குல சேத்தியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

சுடலையாண்டி யோசித்தார். "அது வண்டிக்கு உள்ளது. ஊருக்கு உள்ளது இல்ல."

கபீர் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, வெளிச்சம் பலகையில் விழும்படி நிறுத்தினார். நின்ற வண்டியில் விளக்கு சிவந்துகொண்டே வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார். கூடியது, உடனே குறைந்தது. கூடவும் குறையவுமாகத் துடித்தது.

மாடக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. பானெட்டைத் திறந்து குனிந்தான். டார்ச் கார்பன் தேய்ந்து ஸ்பிரிங்குக்கு எட்டாமல் போயிருந்தது. உருளையில் நீலமாகப் பொறி பறந்தது. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, அதன் முனையால் கார்பனை உருளைமேல் அழுத்தினான். பொறி நின்றது. பின்னால் அழுகை ஒரேயடியாகக் கிளம்பியது. முகம் தெரிந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டான்.

கையை எடுக்க முடியாது. தலையைத் திருப்பினால் அழுத்தம் மாறி விளக்கு மங்கியது. அதனால் திருப்பவில்லை. விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. கரிந்த கார்பன் வாடையும் அதற்குள் எங்கேயோ லேசாகச் சந்தன வாடையும் வந்தது. எவ்வளவு சுரண்டியும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"மாடக்கண்ணு," என்று பெரியவர் கூப்பிட்டார். "தம்பிக்காரன் வந்து சந்தனம் வையிப்பா."

"முப்பிடாதி அக்காவை வைக்கச் சொல்லுங்க. என்னால வர ஏலாது."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"கொஞ்சமா வைக்கச் சொல்லுங்க," என்றான்.

கபீர் ஒரே நிதானத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். குச்சி சூடேறியது. விரல் மரத்துப்போனது. எவ்வளவு நேரம் என்று அவன் பார்க்கவில்லை. பிறகு பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. முத்துவடிவு.

"சித்தப்பா, தூக்கப் போறாகளாம். ஒங்களை வரச் சொல்லுதாக."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." அவள் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தாள். "நீங்க பாக்கலியா?"

அவன் குச்சியை எடுத்தான். விளக்கு சிவந்து, இரண்டு தணலாகி, அணைந்தது. எஞ்சினும் நின்றது. இருட்டில் பலகையைத் தூக்குகிற ஆட்களின் மூச்சு கேட்டது. முன்பக்கம் இடதுதோள் காலியாக இருந்தது. அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் தோளைக் கொடுத்தான்.

சுடுகாட்டுப் பாதையில் திரும்பும்போது தெருவில் முதல் வீட்டில் விளக்கு வைத்தார்கள்.